நியூராலஜி டிஎம் படிக்கும்போதே தூக்க மருத்துவம் கற்றுக்கொள்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

டிஎம் (எம்டிக்குப் பின் படிக்கும் சிறப்புப் படிப்பு) இரண்டாம் வருடம். ஓபியில் ஒரு தம்பதி வந்தார்கள். அவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், வயது அறுபதைத் தாண்டியிருக்கும். அந்த அம்மா கன்றிப்போயிருந்த முன்கையைக் காட்டி, "ராத்திரி தூக்கத்துல கையும் காலும் வெட்டுது சார் இவருக்கு" என்றார். 'வெட்டுது' என்ற சொல் காதில் விழுந்ததுமே என் பேனா வலிப்பு என்று எழுதிவிட்டது. இஇஜி (மூளை மின்னலைப் பதிவு) நார்மல். நார்மலாக இருந்தாலும் வலிப்பு இல்லை என்று ஆகிவிடாதே என்று என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு லெவெடிராசெட்டம் என்ற வலிப்பு மருந்தை ஆரம்பித்தேன். அதுவரை ராத்திரியில் மட்டும் அடித்துக்கொண்டிருந்த மனிதர், மாத்திரைக்குப் பிறகு பகலிலும் எரிந்து விழ ஆரம்பித்தார்.

ஆறு மாதம் கழித்து வேறு ஊர் சீனியர் ஒருவர் அந்த அம்மாவிடம் இரண்டே கேள்விதான் கேட்டார். "எத்தனை மணிக்கும்மா?" விடியற்காலை நாலு மணிக்கு. "எழுப்பினா என்ன சொல்வார்?" நாய் துரத்துச்சு, உதைச்சேன்பார். அவ்வளவுதான், நோய் என்னவென்று தெரிந்துவிட்டது: ரெம் தூக்க நடத்தைக் கோளாறு. ரெம் என்பது கண்கள் வேகமாக அசைய, கனவு வரும் தூக்கம்; அந்தக் கனவைத் தூக்கத்திலேயே நடித்துக் காட்டும் நோய் இது. நான் எம்ஆர்ஐ வரை எடுத்திருந்தேன், மணி என்னவென்று மட்டும் கேட்கவில்லை.

இந்த வழிகாட்டி என்னைப் போல் மாட்டிக்கொள்ளாமல் இருக்க விரும்பும் டிஎம் மாணவர்களுக்கும், அதற்கு இணையான டிஆர்என்பி மாணவர்களுக்கும். பயிற்சியைத் திட்டமிடும் ஆசிரியர்களுக்கும் கடைசியில் கொஞ்சம் வைத்திருக்கிறேன்.

தொடங்கும் முன்: இடைவெளி எவ்வளவு பெரிது?

2011-ல் 12 நாடுகளின் மருத்துவக் கல்லூரிகளை வைத்து ஒரு கணக்கெடுப்பு வந்தது. இளநிலைப் படிப்பு முழுவதிலும் தூக்கம் பற்றிச் சொல்லிக்கொடுக்கும் நேரம் சராசரியாக இரண்டரை மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. பதில் தந்த கல்லூரிகளில் 27 சதவீதத்தில் ஒன்றுமே இல்லை. ஆயுளில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும் ஒன்றுக்கு ஒரு சினிமா பார்க்கும் நேரம். அந்த மூலதனத்தோடுதான் நாம் டிஎம்முக்குள் நுழைகிறோம்.

அமெரிக்காவில் 2007 முதல் தூக்க மருத்துவத்துக்குப் பல துறைகளுக்கும் பொதுவான போர்டு தேர்வு இருக்கிறது. நியூராலஜி முடித்தவர் ஒரு வருட ஃபெலோஷிப் செய்துவிட்டு அதை எழுதலாம். இங்கே நான் படித்த மூன்று வருடத்தில் இதற்கென்று தனி போஸ்டிங் கிடையாது. ராத்திரி முழுக்கத் தூக்கத்தைப் பதிவு செய்யும் ஸ்லீப் லேப் பல இடங்களில் நெஞ்சகப் பிரிவின் கையில் இருக்கிறது, சில இடங்களில் இஎன்டியின் கையில். அதில் தப்பில்லை, மூச்சடைப்பு அவர்களுடைய நோயும்தான். ஆனால் அங்கே போகிற நோயாளி 'குறட்டை கேஸ்' என்றுதான் பார்க்கப்படுவார். கனவில் உதைப்பவரும், சிரித்தால் முழங்கால் மடங்குபவரும், கால் குடைச்சலில் ராத்திரி முழுக்க நடப்பவரும் நம் ஓபிக்குத்தான் வருகிறார்கள்.

தூக்கம் மூளையின் வேலை என்று முதலில் காட்டியவர்களும் நம் ஆட்கள்தான். நூறு வருடத்துக்கு முன் வியன்னாவில் ஃபான் எகனோமோ, தூக்கநோய் மூளையழற்சியில் இறந்தவர்களின் மூளையைப் பார்த்து, ஹைப்போதலாமஸின் பின்பகுதி கெட்டால் ஓயாத தூக்கம், முன்பகுதி கெட்டால் தூக்கமின்மை என்று எழுதினார். சிகாகோவில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் ரெம் தூக்கத்தை வெளியிட்டது 1953-ல். என் வாத்தியாருக்கு வந்த நோயை மினசோட்டாவில் ஷெங்க்கும் மகோவால்டும் முதன்முதலில் விவரித்தது 1986-ல். அதாவது நான் டிஎம் சேர்வதற்கு வெகு காலம் முன்பே.

படி 1: முதல் மூன்று மாதம், கேட்கப் பழகுங்கள்

இதற்கு மெஷின் வேண்டாம், துறைத் தலைவரின் அனுமதியும் வேண்டாம். வார்டில் எழுதும் ஒவ்வொரு கேஸ் ஷீட்டிலும் தூக்கத்துக்கு மூன்று வரி ஒதுக்குங்கள். 'தூக்கம், பசி நார்மல்' என்ற ஒற்றை வரியை இன்றோடு விட்டுவிடுங்கள்.

யாரிடம் கேட்பது என்பதில்தான் பாதி வெற்றி. தூங்குகிறவருக்குத் தான் என்ன செய்கிறோம் என்று தெரியாது. பக்கத்தில் படுப்பவரிடம் கேளுங்கள். நம் வீடுகளில் ஐம்பது வயதுக்கு மேல் கணவனும் மனைவியும் தனித்தனியே படுப்பது சாதாரணம். அப்போது ஹாலில் படுக்கும் பேரனைக் கேளுங்கள். ஒரு தாத்தாவின் மூச்சு நிற்பதை எனக்குச் சொன்னது எட்டு வயசுப் பையன். "தாத்தா குறட்டை விட்டுக்கிட்டே இருப்பாரு, திடீர்னு ஆஃப் ஆயிடும், நான் செத்துட்டாரோன்னு பாப்பேன்" என்றான். எந்தக் கேள்வித்தாளும் இதைவிடத் தெளிவாகச் சொல்லாது.

என்ன கேட்பது? எத்தனை மணிக்குப் படுக்கிறார், எத்தனை மணிக்கு எழுகிறார். குறட்டை, மூச்சு நிற்பது. பகலில் எங்கே கண் அசருகிறது. கால். ராத்திரியில் செய்யும் வினோதம், அது எந்த நேரத்தில். இந்தக் கடைசிக் கேள்விக்கு மணிக்கணக்கில் பதில் வராது. "படுத்த கொஞ்ச நேரத்துலயா, நடுச்சாமத்துலயா, கோழி கூவுற நேரத்துலயா?" என்று கேட்டால் டக்கென்று வரும். ஆழ்தூக்கம் இரவின் முதல் பகுதியில் குவிந்திருக்கிறது, ரெம் கடைசிப் பகுதியில். அதனால் படுத்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் அலறி எழும் குழந்தைக்கும், கோழி கூவும் நேரத்தில் உதைக்கும் தாத்தாவுக்கும் நோய் வேறு வேறு. இந்த ஒரு கேள்வியே பாதி நோயறிதல்.

நோயாளிகளின் சொற்களை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். 'அமுக்குப் பேய்' என்றால் தூக்கப் பக்கவாதம்; சிரிக்காமல், அடிக்கடி வருகிறதா, பகலில் தூக்கம் அள்ளுகிறதா என்று அடுத்ததைக் கேளுங்கள். 'கால் குடையுது', 'உளையுது' என்றால் கால் நரம்புப் பாதிப்பாகவும் இருக்கலாம், அமைதியற்ற கால்களாகவும் இருக்கலாம். 'புள்ள பயந்துடுச்சு, மந்திரிச்சோம்' என்றால் இரவு அலறல். மந்திரித்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதீர்கள். பேசினால் அடுத்த முறை அந்தத் தகவல் உங்களிடம் வராது.

எப்வொர்த் கேள்வித்தாளை எல்லோரும் மனப்பாடம் செய்வார்கள். 1991-ல் மெல்போர்னில் மர்ரி ஜான்ஸ் உருவாக்கியது, எட்டு கேள்வி, 24 மதிப்பெண், 10-க்கு மேல் போனால் அதிகத் தூக்கம். ஆனால் அதில் கார் வருகிறது, மதிய உணவுக்குப் பின் மது இல்லாமல் அமைதியாக உட்காருவது வருகிறது. காரே இல்லாத அம்மாவிடம் அதை வாசித்தால் உங்களைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார். பஸ்ஸில் ஸ்டாப் தாண்டிப் போனதுண்டா, சீரியல் பார்க்கும்போது, கோயில் கச்சேரியில் என்று கேளுங்கள். அப்படி மாற்றியபின் வரும் எண்ணை எப்வொர்த் மதிப்பெண் என்று தீசிஸில் எழுதாதீர்கள், அவ்வளவுதான்.

படி 2: பதினான்கு நாள் தூக்க டைரி, முதலில் உங்களுடையது

ஒரு தாளில் பதினான்கு வரி, இருபத்துநான்கு கட்டம். தூங்கிய கட்டத்தைக் கறுப்பாக்குவது, காபிக்கு ஒரு 'கா', மாத்திரைக்கு ஒரு 'மா'. நோயாளிக்குக் கொடுக்கும் முன் நீங்கள் எழுதிப் பாருங்கள். நான்காம் நாளே விட்டுப்போகும். அடுத்த வாரம் ஓபியில் நோயாளி காலித்தாளோடு வந்தால் திட்ட மாட்டீர்கள். இரண்டு பேர் 'தூக்கமே வரல' என்று ஒரே வார்த்தையில் சொல்வார்கள். ஒருவருடைய டைரியில் பத்து மணிக்குப் படுத்து இரண்டு வரை புரண்டு பத்துக்கு எழுவது தெரியும், இன்னொருவருடையதில் எட்டு மணிக்கே படுத்து மூன்று மணிக்கு விழிப்பது. முன்னவருக்கு உடல் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது, பின்னவருக்கு முந்திவிட்டது. இருவருக்கும் அதே தூக்க மாத்திரையை எழுதுவதுதான் நம் வழக்கம்.

படி 3: மேஜையில் ஏற்கெனவே இருக்கும் இஇஜி

தூக்க அலைகளைப் படிக்க ஸ்லீப் லேப் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தூங்கவைத்து எடுத்த இஇஜி தினமும் நாலைந்து கைக்கு வருகிறது. ஸ்பைக் (வலிப்பைக் காட்டும் கூர்முனை அலை) இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். கண்மூடி விழித்திருக்கும்போது வரும் ஆல்ஃபா அலை எந்த விநாடியில் கலைந்தது, உச்சியில் வெர்டெக்ஸ் கூர்மை எப்போது வந்தது, தூக்கத்தின் இரண்டாம் நிலையைக் காட்டும் முதல் ஸ்பிண்டில் எங்கே, கே-காம்ப்ளெக்ஸ் எங்கே என்று பென்சிலால் குறியுங்கள். இரண்டு மாதத்தில் என்1, என்2 என்ற முதல் இரண்டு தூக்க நிலைகளும் கைவந்துவிடும். வெர்டெக்ஸ் அலையை ஸ்பைக் என்று ரிப்போர்ட் செய்யும் வியாதியும் கூடவே போய்விடும். அது நம் ஊரில் எத்தனை பேரைத் தேவையில்லாமல் வருடக்கணக்கில் வலிப்பு மாத்திரை தின்னவைத்திருக்கிறது என்பது தனிக் கதை.

படி 4: ஒரு முழு இரவு

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். பத்து லெக்சர் தராததை ஒரு இரவு தரும். டியூட்டி இல்லாத நாளாகப் பாருங்கள்; மறுநாள் ரவுண்ட்ஸிலிருந்து விடுப்பும் வாங்கிக்கொள்ளுங்கள்.

மாலை ஏழரைக்கே ஸ்லீப் லேபுக்குப் போய் டெக்னீஷியன் பக்கத்தில் நில்லுங்கள். அவர்தான் அன்றைக்கு உங்கள் வாத்தியார். டேப் வைத்து மூக்கின் வேரிலிருந்து பிடரி மேடு வரை அளப்பார், பென்சிலால் புள்ளி வைப்பார், தோலைத் தேய்த்துச் சுத்தம் செய்து பேஸ்ட் ஒட்டுவார். இங்கேயே முதல் பாடம்: தலைக்கு எண்ணெய். தேங்காயெண்ணெய் வழிய வழிய வரும் நோயாளியின் தலையில் எலக்ட்ரோடு ஒட்டாது, 5 கிலோ ஓம் அளவுக்குக் கீழ் மின்தடையை இறக்க முடியாது. சீட்டு எழுதும்போதே 'தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் வரவும்' என்று எழுதாதவர் நாம்தான். அரை மணி நேரம் கூடுதலாகப் போராடுபவர் அவர்.

நெற்றி, உச்சி, பின்னந்தலை என்று மூன்று இஇஜி, எதிர்க்காதுப் பின்னெலும்பை ஆதாரமாக வைத்து. இரண்டு கண்ணுக்கும் ஒவ்வொன்று, தாடைத் தசை, இரண்டு முன்னங்கால் தசை, இசிஜி. மூக்கில் காற்றழுத்தக் குழாய், அதன்மேல் வெப்ப உணரி. மார்பிலும் வயிற்றிலும் பட்டை. விரலில் ஆக்சிஜன் கிளிப். மேலே கேமரா. எல்லாம் மாட்டியபின் அளவு சரிபார்ப்பு: கண்ணைத் திறந்து முப்பது விநாடி, மூடி முப்பது விநாடி, தலையை ஆட்டாமல் மேலே கீழே, வலம் இடம், ஐந்து முறை இமைப்பது, பல்லைக் கடிப்பது, மூச்சைப் பிடிப்பது, கால் விரலை மடக்குவது. இதை அலட்சியம் செய்யாமல் ஒவ்வொரு அசைவும் திரையில் எந்தக் கோட்டில் எப்படித் தெரிகிறது என்று வரைந்துகொள்ளுங்கள். ராத்திரி முழுக்க நீங்கள் பார்க்கப் போவது இவற்றின் கலவைதான்.

விளக்கை அணைத்ததும் முதலில் திணறுவீர்கள். இஇஜியில் ஒரு பக்கம் 10 விநாடி பார்த்துப் பழகிய கண்ணுக்கு, 30 விநாடியை ஒரே பக்கத்தில் அமுக்கிய பதிவு அடையாளமே தெரியாது. ஸ்பிண்டில் கம்பளிப்பூச்சி மாதிரி சுருண்டு கிடக்கும். கவலைப்படாதீர்கள், ஒரு மணி நேரத்தில் கண் பழகும். நான் உட்கார்ந்த முதல் இரவில் பதினோரு மணிக்கு நோயாளி அழகான ஆழ்தூக்கத்துக்குப் போய்விட்டார் என்று பூரித்தேன். டெக்னீஷியன் திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஏசி ஓடலை சார், அது வேர்வை" என்றார். வியர்வை மெதுவான அலையாக ஏறி இறங்கி, ஆழ்தூக்கத்தில் வரும் டெல்டா அலை போல வேஷம் போடும். ரிமோட்டை அழுத்தினோம், பத்து நிமிஷத்தில் என் 'ஆழ்தூக்கம்' காணாமல் போனது.

மூன்று மணிக்கு மேல் தூங்கிவிடாதீர்கள், ரெம் நீளும் நேரம் அது. தாடைக் கோடு கம்பி மாதிரி தட்டையாகும், அறுவாள் பல் போன்ற அலை உச்சியில் வரும், கண்ணுக்கான இரண்டு கோடுகளும் எதிரெதிர்த் திசையில் துள்ளும். மூச்சடைப்பு உள்ளவராக இருந்தால் அப்போதுதான் ஆக்சிஜன் கோடு படிக்கட்டில் இறங்குவது போல் விழும். மூச்சு நின்ற பத்தாவது, இருபதாவது, நாற்பதாவது விநாடியில் உங்கள் மூச்சையும் அடக்கிப் பாருங்கள். இதற்குப் பிறகு 'குறட்டைதானே' என்று யாரிடமும் சொல்ல வராது.

படி 5: இருபது பதிவுகளை உங்கள் கையால் ஸ்கோர் செய்வது

விதிகள் அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியின் கையேட்டில் இருக்கின்றன. 1968-ல் ரெக்ஷாஃபென், கேல்ஸ் வகுத்த பழைய முறையை 2007-ல் இது மாற்றியது. பழைய நான்கு ஆழ்நிலை இப்போது மூன்று. மனதில் நிற்க வேண்டிய எண்கள் அதிகமில்லை. ஒரு பக்கத்தில் பாதிக்கு மேல் ஆல்ஃபா இருந்தால் விழிப்பு. 0.5 முதல் 2 ஹெர்ட்ஸ், 75 மைக்ரோவோல்ட்டுக்கு மேற்பட்ட அலை 6 விநாடியாவது இருந்தால் ஆழ்தூக்கமான என்3. காற்று 90 சதவீதம் குறைந்து 10 விநாடி நீடித்தால் மூச்சு நிறுத்தம்; 30 சதவீதம் குறைந்து, கூடவே ஆக்சிஜன் 3 சதவீதம் இறங்கினாலோ விழிப்புக் கீற்று (சில விநாடி மூளை விழிப்பது) வந்தாலோ குறைமூச்சு. இதே குறைமூச்சுக்கு 4 சதவீத இறக்கம் வேண்டும் என்ற இன்னொரு விதியும் புழக்கத்தில் இருக்கிறது. ரிப்போர்ட்டில் எந்த விதி என்று எழுதாவிட்டால் ஒரே ஆளுக்கு ஒரு லேபில் ஒரு மணி நேரத்துக்கு 12 மூச்சடைப்பு, இன்னொன்றில் 20 என்று வரும். இரண்டு டாக்டரும் சண்டை போடுவார்கள்.

நீங்கள் தனியாக ஸ்கோர் செய்துவிட்டு, அனுபவமுள்ளவர் செய்ததோடு பக்கம் பக்கமாக ஒப்பிடுங்கள். முழுசாக ஒத்துப்போகவில்லை என்று சோர்ந்துபோக வேண்டாம். 2,500-க்கும் மேற்பட்ட ஸ்கோரர்களை வைத்து 2013-ல் வெளியான ஆய்விலேயே ஒருமைப்பாடு 82.6 சதவீதம்தான், என்1-ல் 63. மெஷின் தானாகப் போடும் ஸ்கோரை நம்பி கையெழுத்துப் போடும் வழக்கம் பரவிவருகிறது. திருத்திப் பார்க்கும் கண் இருந்தால் அது நல்ல உதவியாள், இல்லாவிட்டால் இல்லை.

படி 6: நோய்களை எந்த வரிசையில் கற்பது

புத்தகங்கள் தூக்கமின்மையில் ஆரம்பிக்கும். நியூராலஜிஸ்ட்டுக்கு என் வரிசை வேறு.

ரெம் நடத்தைக் கோளாறுதான் முதலில். அது வெறும் தூக்க நோயல்ல, பார்கின்சன், லூவி டிமென்ஷியா (ஒரு வகை மறதி நோய்), எம்எஸ்ஏ (மூளையின் பல பகுதிகள் சேர்ந்து தேயும் நோய்) ஆகியவற்றின் வாசற்படி. 2019-ல் 24 மையங்கள் சேர்ந்து 1,280 பேரைப் பின்தொடர்ந்தபோது வருடத்துக்கு 6.3 சதவீதம் பேர் இந்த நோய்களுக்குள் நுழைந்தார்கள். 12 வருடத்தில் 73.5 சதவீதம். உறுதிசெய்ய வீடியோவோடு கூடிய பதிவு வேண்டும், ரெம்மில் தாடை தட்டையாகாமல் துடிப்பதைக் காட்ட வேண்டும். மன அழுத்த மாத்திரைகளும் இதைக் கிளப்பும், அவர் சாப்பிடும் மருந்துப் பட்டியலைப் பாருங்கள். சிகிச்சை கட்டிலில் ஆரம்பிக்கிறது: கட்டில் உயரத்தைக் குறை, பக்கத்து மேஜையை நகர்த்து, அம்மாவைக் கொஞ்ச நாள் தனியாகப் படுக்கச் சொல். பிறகு மெலடோனின், அல்லது குளோனசிபாம் சிறு அளவில், மூச்சடைப்பு இல்லை என்று பார்த்துக்கொண்டு. வரப்போவதைச் சொல்வதா என்பது கஷ்டமான கேள்வி. நான் இப்போது, "இதைப் பத்தி எவ்வளவு தூரம் தெரிஞ்சுக்க விரும்புறீங்க?" என்று கேட்டுவிட்டு அவர் நிறுத்தும் இடத்தில் நிறுத்துகிறேன். வாத்தியார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "அப்ப பென்ஷன் நாமினியை சரிபண்ணிடறேன்" என்றார்.

அடுத்து அமைதியற்ற கால்கள். அசைக்கத் தூண்டும், உட்கார்ந்தால் கூடும், நடந்தால் குறையும், மாலைக்கு மேல் மோசமாகும். இந்த நான்கும் சேர்ந்து, வேறு காரணம் இல்லாமல் இருக்க வேண்டும். "பஸ்ஸுல மூணு மணி நேரம் உக்கார முடியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பு) பாருங்கள். லேப் 'நார்மல்' என்று அச்சடித்திருந்தாலும் 75 அல்லது அதற்குக் கீழ் என்றால் இந்த நோய்க்கு அது போதாது. வாந்தி மாத்திரை, சளி மாத்திரை, சில மன அழுத்த மாத்திரைகள் இதைக் கூட்டும். நாம் படித்த காலத்தில் பிராமிபெக்ஸோல்தான் முதல் மருந்து. வருடங்கள் போகப்போக அதுவே நோயை மாலையிலிருந்து மதியத்துக்கு இழுத்துவருவதைப் பார்த்தபின், 2025-ல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல் அதைப் பின்னுக்குத் தள்ளி, காபாபென்டின் வகையையும் இரும்பையும் முன்னே வைத்திருக்கிறது.

மூன்றாவது, ராத்திரி வலிப்பா, தூக்கக் கோளாறா? நெற்றிப்பகுதி வலிப்பு பெரும்பாலும் இரண்டு நிமிஷத்துக்குள் முடியும், ஒரே ராத்திரியில் பலமுறை வரும், ஒவ்வொரு முறையும் அச்சில் வார்த்தது போல் ஒரே மாதிரி இருக்கும். இரவு அலறலும் தூக்க நடையும் முதல் பகுதியில், ஒன்றிரண்டு முறை, நீளமாக, ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி. இஇஜி இரண்டிலும் நார்மலாக இருக்கலாம். செல்போன் வீடியோதான் இங்கே கடவுள். முதல் வீடியோவில் பாதி நேரம் கூரைதான் தெரியும். "ஆரம்பத்துல இருந்து முடியிற வரைக்கும், முகமும் கையும் தெரியிற மாதிரி, மூணு தடவை எடுங்க" என்று சொல்லி அனுப்புங்கள்.

நார்கோலெப்சியை (பகலில் அடக்க முடியாத தூக்கம் அள்ளும் நோய்) வருடத்துக்கு ஒருவரைத்தான் பார்ப்பீர்கள், ஆனால் அவர் உங்களிடம் வரும் முன் சோம்பேறி, கும்பகர்ணன், மனநோயாளி, வலிப்புக்காரர் என்று எல்லாப் பட்டமும் வாங்கியிருப்பார். சிரித்தால் தலை தொங்குகிறதா, முழங்கால் மடங்குகிறதா, அப்போது நினைவு இருக்கிறதா என்று கேட்காமல் யாரையும் அனுப்பாதீர்கள். பகல் தூக்கச் சோதனையில் சராசரி 8 நிமிஷத்துக்குள் தூங்கி, இரண்டு முறையாவது சட்டென்று ரெம்முக்குள் போக வேண்டும். முந்தைய ராத்திரி முழுப் பதிவு, அதற்கு முன் இரண்டு வாரம் டைரி, ரெம்மை அமுக்கும் மருந்துகளை நிறுத்துவது, இவை இல்லாமல் செய்த சோதனை வீண். நைட் ஷிஃப்ட் பார்க்கும் ஐடி பையனுக்கும் இதே முடிவு வரலாம். விழித்திருக்க வைக்கும் மோடாஃபினில் எழுதும்போது கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்ணா என்று கேளுங்கள், அதன் வலுவை இது குறைக்கும்.

தசைநோய்களும் ஏஎல்எஸ்ஸும் (தசையை இயக்கும் நரம்புகள் தேயும் நோய்) நாம் கோட்டைவிடும் இடம். ரெம்மில் விலாத் தசைகள் ஓய்ந்துவிடும், உதரவிதானம் மட்டும் மூச்சை இழுக்கும். அதுவும் பலவீனமானால் கெடுதல் முதலில் ரெம்மில்தான் தெரியும், பகலில் எல்லாம் சரியாக இருக்கும்போதே. காலைத் தலைவலி, மல்லாந்து படுக்க முடியாதது, காலையில் தெளியாத மந்தம் ஆகியவற்றைக் கேளுங்கள். எம்எஸ்ஏ நோயாளியிடம் ராத்திரி மூச்சை உள்ளிழுக்கும்போது கீச்சென்ற சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். அது குறட்டையல்ல, குரல்வளை ஒடுங்கும் சத்தம், உயிரை எடுக்கும்.

பக்கவாதம் வந்தவர்களில் பாதிக்கும் மேலானவர்களுக்கு மூச்சடைப்பு இருக்கிறது, அதனால் ஸ்ட்ரோக் வார்டில் தேடுவது நியாயம். அதே சமயம் சிபாப் (மாஸ்க் வழியே காற்றழுத்தம் தந்து மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் கருவி) போட்டால் அடுத்த ஸ்ட்ரோக் வராது என்று வாக்குக் கொடுக்காதீர்கள். 2016-ல் வந்த சேவ் ஆய்வில் 2,717 பேரில் அப்படிப் பலன் தெரியவில்லை. ஆனால் அவர்கள் சராசரியாகப் போட்டது ராத்திரிக்கு 3.3 மணி நேரம்தான். பாதி ராத்திரி போட்டதை வைத்து என்ன முடிவுக்கு வருவது என்று இன்னும் விவாதிக்கிறார்கள்.

படி 7: மாஸ்க்கை நீங்கள் போட்டுப் பாருங்கள்

1981-ல் சிட்னியில் காலின் சல்லிவன் சிபாப்பை வெளியிட்டார். கருவி எவ்வளவோ மாறிவிட்டது. 'மூச்சு முட்டுது, வேணாம்' என்ற புகார் மாறவில்லை. ஒரு ராத்திரி அதைப் போட்டுத் தூங்க முயலுங்கள். வாயைத் திறந்தால் காற்று சீறும், மூக்குப் பாலத்தில் தழும்பு விழும், பக்கவாட்டில் கசிந்து கண் காயும். இதற்குப் பிறகு நோயாளியிடம் நீங்கள் பேசும் விதமே வேறாக இருக்கும்.

தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை மாத்திரை அல்ல, நடத்தைச் சிகிச்சை. ஆறு வாரம் பிடிக்கும், ஓபி கூட்டத்தில் முடியாது என்பார்கள். ஒரு சைக்காலஜிஸ்ட்டைப் பிடித்து நான்கு நோயாளிகளுக்கு முழுதாக உடன் உட்காருங்கள். டைரியில் ஐந்தரை மணி நேரம்தான் தூங்குகிறார் என்றால் படுக்கையில் இருப்பதையும் ஐந்தரையாக்குவது, தூக்கம் நிறையும்போது கால் மணி நேரமாகக் கூட்டுவது. கேட்க எளிது, நடத்திப் பார்த்தால்தான் தெரியும். ஐந்து மணி நேரத்துக்குக் கீழ் இறக்காதீர்கள். வலிப்போ இருதுருவ மனநோயோ உள்ளவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு ஆபத்து.

படி 8: ஆசிரியர்களுக்கு

லேப் இல்லை என்பது காரணமாகாது. மூன்று வருடத்தில் இரண்டு வாரம், லேப் இருக்கும் இடத்துக்கு வெளியே அனுப்பினால் போதும். படி 4-ம் படி 5-ன் பாதியும் அதில் முடியும். மீதி நம் ஓபியிலேயே நடக்கும். மாதம் ஒரு கூட்டம், நெஞ்சகம், இஎன்டி, மனநலம் எல்லோரும் சேர்ந்து ஒரே ஒரு பதிவை அலசுங்கள். சண்டை வரும், அதில்தான் கற்பார்கள். வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சிறு கருவியை வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். அதில் பெரும்பாலும் இஇஜி கிடையாது; தூங்கிய நேரம் தெரியாததால் மூச்சடைப்பைக் குறைத்துக் காட்டும், ரெம் கோளாறும் நார்கோலெப்சியும் அதில் தெரியவே தெரியாது.

தேர்வில் வராததை யாரும் படிக்க மாட்டார்கள். இறுதித் தேர்வின் லாங் கேஸில் 'தூக்க வரலாறு சொல்' என்று ஒரு எக்ஸாமினர் இரண்டு வருடம் தொடர்ந்து கேட்டால் போதும், மூன்றாம் வருடம் மாணவர்களே பிரதி எடுத்து விநியோகிப்பார்கள்.

படி 9: உங்கள் தூக்கம்

2004-ல் பாஸ்டனில் ஐசியூ இன்டர்ன்களை இரண்டு விதமான டியூட்டியில் போட்டு அருகிலேயே ஆள் வைத்துக் கவனித்தார்கள். 24 மணி நேரத்துக்கு மேல் நீளும் பழைய டியூட்டியில் கடுமையான தவறுகள் 36 சதவீதம் அதிகம். அடுத்த வருடம் 2,737 இன்டர்ன்களிடம் கேட்டதில், நீண்ட டியூட்டி முடித்து வீட்டுக்கு வண்டி ஓட்டும்போது விபத்து நேரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல் என்று தெரிந்தது.

டியூட்டி ரோஸ்டரை நீங்கள் மாற்ற முடியாது. டியூட்டி ரூமில் மதியம் இருபது நிமிஷம் கண் அசரலாம், அலாரம் வைத்துக்கொண்டு. விடியற்காலை மூன்றிலிருந்து ஆறுக்குள் எழுதும் மருந்து அளவை பக்கத்து நர்ஸிடம் சத்தமாக வாசித்துக் காட்டலாம். காலையில் பைக் சாவியை ஹாஸ்டல் வாட்ச்மேன் அண்ணனிடம் கொடுத்துவிட்டு ஆட்டோ பிடிக்கலாம். நான் ஒருமுறை சிக்னலில் நின்றபடியே தூங்கி, பின்னால் நின்ற டவுன் பஸ் டிரைவர் இறங்கிவந்து தோளைத் தட்டி, "தம்பி, ரெண்டு தடவை பச்சை விழுந்துடுச்சு" என்று எழுப்பினார். எப்வொர்த்தின் எட்டாவது கேள்வி அதுதான்: போக்குவரத்தில் வண்டி நிற்கும் சில நிமிஷத்தில் தூங்குவீர்களா? அன்றைக்கு எனக்கு அதில் முழு மதிப்பெண்.